டிக்கி மாமாவும் முன்பக்கம் இல்லாத கார்களும்

காருக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத மனிதர் பெரம்பலூர் ஜில்லாவில் ஒருவர்தான். அவர் எங்கள் தெரு டிக்கி மாமா.

பழைய கார் என்றால் அவருக்கு உயிர். அம்பாசிடர், ஹெரால்டு, பத்மினி என்று இன்றைக்கு ரோட்டில் தேடினாலும் கிடைக்காத வண்டிகளையெல்லாம் வரைவார். கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்து வரைவார். சாக்பீஸ், அடுப்புக்கரி, கிரையான், வாட்டர் கலர், எனாமல் பெயிண்ட், எதுவும் இல்லாவிட்டால் டீ டிகாஷன். ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் பின்னாலிருந்துதான். டிக்கி, பம்பர், இரண்டு சிவப்பு லைட், மேலே பின்கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் மட்டும் ஒன்றும் இருக்காது. வெறுமனே விட்டுவிடுவார். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பிழைப்பு இஸ்திரி. வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி. தேய்ப்பது அவர் சம்சாரம் அஞ்சலை அத்தை. பெட்டிக்குக் கரி போடுவது மாமா. அதில் பாதி பெட்டிக்குள் போகும், மீதி காராகிவிடும். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகக் கொடுத்த வெள்ளை வேட்டியில் மாமா கை அரிப்பெடுத்து ஒரு அம்பாசிடரை இழுத்துவிட்டார். மடித்துக் கொடுத்ததில் யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் தாலி கட்டும்போது அட்சதை போட அவர் எழுந்து நின்றார். சரியாக அவருடைய பின்பக்கத்தில் பம்பரும் லைட்டுமாக ஒரு கார் நின்றது. மனிதர் நேராக வேப்பமரத்தடிக்கு வந்து குதித்தார். மாமா அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எடம் பொருத்தமாத்தாங்க விழுந்திருக்கு" என்றார்.

எங்கள் தெருக்கோடி முட்டுச்சந்து. அங்கிருந்த சுவரில் நிஜ சைஸில் எனாமல் பெயிண்டால் ஒரு அம்பாசிடரின் முதுகைப் போட்டுவைத்தார். வெளியூர் ஆட்டோக்காரர் ஒருவர் அதன் பின்னால் நின்றுகொண்டு, வழி விடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அடுத்த வாரம் அதே இடத்தில் நானும் ஹாரன் அடித்தேன். நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவன்.

என் படிப்பைப் பற்றி நீங்களே புரிந்துகொண்டிருப்பீர்கள். எட்டாம் வகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தவன். அந்த ஒரு வகுப்பில் என்னைவிடப் படித்தவன் எங்கள் ஊரில் கிடையாது. அதற்கப்புறம் வாத்தியார்களே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டதால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று எந்த லோடாக இருந்தாலும் அரியலூர் வரை ஏற்றிக்கொண்டு போவேன்.

மாமாவின் தொழில்முறை தனி. வாட்டர் கலர் காய்வதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. படத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஓர் இழு இழுப்பார். படம் சுடச்சுட மொடமொடவென்று வரும். அதே யோசனையில் கிரையானில் வரைந்த ஹெரால்டையும் தேய்த்தார். துணியை எடுத்தால் ஹெரால்டு உருகி பேப்பர் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கெளம்பிடுச்சு" என்றாள்.

என் போனில் வெளிநாட்டுப் பழைய கார்களைக் காட்டுவேன். பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் கார்களைப் பார்த்ததும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன்தான் மாப்ள டிக்கிக்கு மரியாத குடுத்தவன்" என்றார். முன்பக்கம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று படத்தைத் தள்ளினேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏன் பின்பக்கம் மட்டும் என்று அவரைக் கேட்டால் பெட்டிக்குக் கரி போடப் போய்விடுவார். அத்தையைக் கேட்டால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொல்வாள்.

இளவயதில் மாமா ஒரு வாடகைக் கார் ஷெட்டில் வேலை பார்த்தார். கழுவுவது, தள்ளுவது, இரண்டுதான் வேலை. அங்கே பாலேடு நிறத்தில் ஒரு அம்பாசிடர் இருந்தது. தள்ளாமல் அது எந்தக் காலத்திலும் ஸ்டார்ட் ஆனதில்லை. மாமாவின் கல்யாணத்துக்கு முதலாளி அந்தக் காரையே அனுப்பிவைத்தார். பெண் ஊர் எறையூர். தாலி கட்டி, பெண்ணை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் திரும்பும்போது ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்புகிற கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெரியம்மாக்கள் யாரும் இறங்குகிற உடம்பு இல்லை. மாப்பிள்ளை மாலையோடு இறங்கித் தள்ளினார்.

"அதுவரைக்கும் நான் இந்த மனுசன் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல தம்பி," என்பாள் அத்தை. "பின்கண்ணாடி வழியாத் திரும்பிப் பாக்கறேன். வேத்து வடிய, பல்லக் கடிச்சிக்கிட்டுத் தள்ளிட்டு வராரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வண்டியும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. நிறுத்தினா மறுபடி நின்னுடும்னு டிரைவர் நிறுத்தவே இல்ல. நாங்க வந்து சேந்துட்டோம். மாப்ள பின்னாடி கரும்பு டிராக்டர்ல வந்தாரு."

இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மாமா சிரிக்க மாட்டார். கரியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அத்தைக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. "ஊருல உள்ள காரெல்லாம் போடற. அந்தக் கண்ணாடில என்ன ஒரு தடவ போட்டா ஒன் கரி கொறஞ்சா போயிடும்?" என்பாள். மாமாவும் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் அவர் கைக்குக் கார் தவிர எதுவும் பழக்கம் இல்லை. கண் போட்டால் ஹெட்லைட் ஆகிவிடும். பல் போட்டால் கிரில் ஆகிவிடும். பார்க்கவே மாட்டேன் என்று இருந்த முன்பக்கமெல்லாம் அத்தை முகத்தில்தான் வந்து நிற்கும். ஒருநாள் அவள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்குல நம்பர் பிளேட்டு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அதிலேயே ஒரு வாத்தியார் சட்டையை மடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் அத்தைக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் கசாயம், பிறகு மாத்திரை, பிறகு அரியலூர் பெரிய ஆஸ்பத்திரி. வலிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அது புரிந்தது.

வேப்பமரத்தடி வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தியாயிற்று. லோடு கிடைக்கிற நாளெல்லாம் மாமாவை நான்தான் அரியலூரில் கொண்டுபோய் விடுவேன். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பழம், ரொட்டி என்று நினைப்பீர்கள். உள்ளே பென்சில், கிரையான், கலர் டப்பா, சார்ட் பேப்பர். அத்தை கேட்டுவிட்டாள்.

"நா இல்லாத வண்டியவே இத்தன வருசம் போட்டுக்கிட்டு இருக்க. இனிமே நெசமாவே இருக்க மாட்டேன். ஒரு தடவ உள்ள என்னப் போட்டுக் காட்டுய்யா."

மாமா பார்வை நேரம் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைவார். பென்சிலில் போட்ட முகம் பக்கத்துக் கட்டில் கிழவி மாதிரி வந்தது. கிழவி அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். கரியில் போட்டது என் மாமியார் மாதிரி வந்தது. நான் பதறி எழுந்தேன். கிரையானில் போட்டது அம்மன் மாதிரி வந்தது. வார்டு ஆயாம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாட்டர் கலரில் ஏறக்குறைய வந்துவிட்டது. காய்வதற்குள் மாமாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து வாய் கோணிவிட்டது. வேர்வை என்றார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டே சேர்ந்து சிரித்தது. அத்தையும் வலியோடு சிரித்தாள். எல்லாம் முடிந்து தலையணையில் சாய்ந்துகொண்டு, "போவுது வுடு" என்றாள். அந்தப் "போவுது வுடு" மாமாவைக் கொன்றுவிட்டது.

ஒருநாள் டாக்டரம்மா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், கேட்பதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். நான் மார்க்கெட்டில் வெங்காயத்தை இறக்கிவிட்டு வந்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மாமா என் வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் தொட்டியில் ஏறி நின்று, கேபினின் முதுகையே வெகுநேரம் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் நான் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிற போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தேன்.

"வண்டிய இன்னைக்கிப் பொழுது எனக்குக் குடு மாப்ள" என்றார். கையோடு நகத்தால் என் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். கூலிங் கிளாஸ் கொஞ்சம் இருக்கட்டும் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் பிற்பகல் முழுக்க நடந்தது அந்த வேலை. சாக்பீஸால் கோடு போட்டார். பாலேடு நிறத்துக்கு வெள்ளை எனாமலில் துளி மஞ்சள். வண்டிக்கு அடியில் விழுகிற நிழலுக்குக் கரித்தூளை வார்னிஷில் குழைத்தார். பம்பருக்கு சில்வர் பெயிண்ட் அடித்து, அது காயக்காயப் பென்சில் தூளை விரலால் தேய்த்தார். பம்பர் நிஜமாகவே பளபளத்தது. நடுவில் வார்டுக்கு ஓடி அத்தையின் குங்குமச் சிமிழை வாங்கி வந்தார். எதற்கென்று அவள் கேட்டதற்கு, சும்மாதான் என்றாராம். அது இரண்டு லைட்டுக்கும் ஆனது. சீக்கிரம் காய இஸ்திரிப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டார். "டீசல் வண்டி மாமா, பத்திக்கும்" என்றேன்.

முடித்துவிட்டு இறங்கியபோது என் வெங்காய வண்டிக்குள் ஒரு அம்பாசிடர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி இருக்கிற இடத்தில் என் வண்டியின் நிஜக் கண்ணாடி. அதை மட்டும் அவர் தொடவில்லை. துடைத்துவைத்திருந்தார்.

காலையில் அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் கதவை இறக்கிவிட்டிருந்தேன். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுலயும் உள்ள யாரும் இல்லியே" என்றாள்.

"ஏறி உக்காரு" என்றார் மாமா.

கேபினில் என் பக்கத்தில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். இடித்துப் பிடித்து நீங்களும் ஏறுங்கள் என்றேன். எனக்குப் பின்னாடிதான் பழக்கம் என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் ஏறிக் காலி வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஊர் எல்லை தாண்டினோம். சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அத்தை மெல்லச் சீட்டைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனாள். வலிக்குமே என்று ஒரு கையால் தாங்கிக்கொண்டேன். பின்னால் மாமா எழுந்து முட்டிபோட்டு உட்கார்வது சைடு கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கையைத் தூக்கி, அப்படியே இரு, அசையாதே என்று காட்டினார்.

அத்தை அசையவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, மெதுவாப் போ" என்றாள் என்னிடம், திரும்பாமலே. "இந்தத் தடவ அவர வுட்டுட்டுப் போயிடாத."

இரண்டாவது கியரிலேயே பெரம்பலூர் வரை போனேன். லாரிக்காரர்கள் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காய வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு வசதி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அந்த வெங்காய அறுப்பு முடிவதற்குள் அத்தை போய்விட்டாள்.

மாமா அப்புறம் வரையவில்லை. சாக்பீஸ், கிரையான், டப்பா எல்லாம் தள்ளுவண்டியின் இழுப்பறையில் கிடக்கின்றன. இப்போது அவரே தேய்க்கிறார். மடிப்பு எல்லாம் கோணல். தெருவில் யாரும் குறை சொல்வதில்லை. எஃப்.சி. சோதனைக்காக வண்டியைப் பெயிண்ட் அடிக்க விட்டபோது, கேபின் முதுகில் மட்டும் பிரஷ் படக்கூடாது என்று பக்கத்திலேயே காவல் நின்றேன். பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பழகிப்போன பார்வைதான்.

நான் அரியலூர் போகிற நாளில் மாமா மரத்தடியில் வந்து நிற்பார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பின்னால் ஏறி, மூட்டைமேல் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கெல்லாம் நான் இரண்டாவது கியர்தான். வழியில் யாராவது கை காட்டி, முன்சீட் காலியாத்தானே இருக்கு, ஏறிக்கட்டுமா என்று கேட்பார்கள்.

"ஆள் இருக்குங்க" என்று சொல்லிவிடுவேன்.