என் இடது கையைப் பற்றி வெளியான செய்திக்கு ஒரு மறுப்பு

ஹில்ஸ்பரோ,
ஆக்லாந்து.

ஐரோப்பிய நரம்பியல் மருத்துவர் சங்கத்தின் மாதச் செய்தி மடல் ஆசிரியரும், என் தம்பியின் மூத்த மகனுமாகிய டொக்டர் நிமலன் அவர்கட்கு,

வணக்கம். இங்கே நான் நலம். என் வலது கையும் நலம். இடது கை எங்கள் இருவரையும்விட நலம். சூரிச்சில் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் எல்லா உறுப்புகளும் சொல்வழி கேட்கும் நிலையில் நெடுங்காலம் இருக்க வேண்டுகிறேன்.

மரியாதை இவ்வளவு போதும். இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். ‘தாங்கள்’ என்று எழுதினால் கோபம் பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது. உங்கள் சங்கத்தின் மடலை எனக்கும் அனுப்பு என்று நான் கேட்டது உண்மை. பேராதனையில் விலங்கியல் படித்து, ஓய்வு பெறும்வரை அதையே படிப்பித்தவள் மூளையைப் பற்றி வாசிக்க விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் நான் கேட்டது வாசிப்பதற்கு, அதில் இடம் பெறுவதற்கு அல்ல. இம்மாத மடலில், ஒற்றைத் தலைவலிக்கான புதிய ஊசிக்கும் அடுத்த மாநாட்டுக்கான விடுதிக் கட்டணத்துக்கும் நடுவே, ‘தன் கைக்கு அந்நியரான ஒரு பெண்’ என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. ‘தென்னரைக்கோளத்தில் வாழும், ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த, வலக்கைப் பழக்கமுள்ள முதிய விதவை’ என்று ஆளை மறைத்திருக்கிறாய். எங்கள் குடும்பத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தாய்? மாமி என்ற உரிமையில் தொலைபேசியில் நான் சொன்னதை எல்லாம் எழுதியதோடு நில்லாமல், முடிவில் இப்படியொரு வாக்கியமும் சேர்த்திருக்கிறாய்: ‘இக்கையின் செயல்கள் தற்செயலானவையாகத் தோன்றவில்லை, நோயாளி தாமே அறியாத ஒரே விருப்பம் அவற்றின் வழியே வெளிப்படுகிறதா என்பது ஆய்வுக்குரியது.’ அந்த வாக்கியத்தை மறுக்கவே இக்கடிதம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சென்ற குளிர்காலத்தில் குசினியில் விழுந்தேன். பாதிப் பகல் நிலத்தில் கிடந்து, சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தேன், துடைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டார் கண்டு அம்புலன்ஸை அழைத்தார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தில் ஒரு சிறு துண்டு இரத்தமின்றி இறந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்றிலிருந்து இடது கை எனக்குக் கட்டுப்படுவதில்லை. வலது கை பூட்டுகிற பொத்தானை இடது கை கழற்றும். வலது கை திறந்த குழாயை அது மூடும். அன்றிலிருந்து என் மகன் கேதீஸ்வரனும் சரியாக நித்திரை கொள்வதில்லை. பிளாக்ஹவுஸ் பேயில் தன் வீட்டோடு எனக்கென்று ஓர் அறை கட்டினான். அதற்காக வீட்டுக் கடனை, மோர்ட்கேஜை, கூட்டினான். ஆகவே இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே போவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்தவள் நான். எவரும் வற்புறுத்தவில்லை. நான் அழவுமில்லை. எல்லாம் சீராக நடந்துகொண்டிருக்கையில் உன் மடல் வந்தது. கேதீஸ் அதை வாசித்தான். வேலை முடிந்த கையோடு இங்கே வந்து நின்றான்.

“அம்மா, உங்கட கைக்கு விருப்பமில்லையெண்டால் வீட்டை விக்க வேண்டாம்.”

“என்ர கையைக் கேட்டோ நீ அறை கட்டினனீ?”

“நிமலன் மச்சான் எழுதியிருக்கிறார் அம்மா. ஐரோப்பாவில பெரிய பெரிய டொக்டர்மார் வாசிக்கிற பேப்பர்.”

“ஓம், பெரிய டொக்டர்மார். அவையளிலை ஒருத்தரும் உன்ர மோர்ட்கேஜைக் கட்ட வரமாட்டினம்.”

பிள்ளை முகம் வாடித் திரும்பிப் போனான். நிமலன், தலை நீக்கிய தவளையின் தோலில் ஒரு துளி அமிலத்தை வைத்தால் அதன் கால் எழுந்து அதைத் துடைக்கும். ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அந்தக் காலுக்கு ஒரு விருப்பம் உண்டென்று விடைத்தாளில் எவனாவது எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். உனக்கு ஐரோப்பா பட்டம் கொடுத்திருக்கிறது.

கை செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். அவற்றில் நோக்கம் எதுவும் இல்லை என்பது உனக்கே புலப்படும். வீட்டை வாங்க ஆள் கிடைத்த வாரம் மருமகள் சோபனா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள், விற்பனை நல்லபடி முடிய ஓர் அர்ச்சனை செய்ய. ஐயர் விபூதியை நீட்டினார். வலது கை முறைப்படி ஏந்திற்று. இடது கை வந்து அதைத் தட்டிவிட்டுத் தானே நீண்டது. “மாமி! இடக்கையால வாங்காதேங்கோ, சனம் பாக்குது!” என்றாள் சோபனா, பற்களுக்கிடையில். ஐயர் தமிழ்நாட்டுப் பையன். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் நெற்றியில் தாமே இட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். இட்டதை இடது கை துடைத்தது. அர்ச்சனை பலிக்கவில்லை என்று சோபனா வீடு வரும்வரை விசும்பினாள். தவளைக் காலும் துடைக்கத்தான் செய்யும் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அடுத்தது சான்ட்ரிங்ஹாமில், மளிகைக் கடையில். பொட்டலம் கட்டும் டேப் வாங்கப் போனேன். வீட்டைக் காலி செய்பவளுக்கு வேறென்ன வேண்டும்? காசு கொடுக்கும் இடத்தில் பார்த்தால் கூடையில் உப்பும் கடுகும் மஞ்சளும், ஒரு மின்குமிழும், பூச்செடிக்கான உரமும் இருந்தன. நான் ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். இடது கை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தது. அங்கே வேலை பார்க்கும் மாணவி வைஷாலி சற்றுநேரம் பொறுமையாக நின்றாள்.

“ஆன்ட்டி, இதெல்லாம் வேணுமா வேணாமா?”

“வேண்டாம். இதுகளை நான் எடுக்கேல்லை, கைதான் எடுத்தது.”

“கை உங்க கைதான ஆன்ட்டி?”

இதற்கு உன் சங்கத்தின் உறுப்பினர்கள் எவரும் இன்னும் விடை எழுதவில்லை. உப்பும் கடுகும் இப்போது என் குசினியில் இருக்கின்றன. கடையில் அவை இருந்த தட்டு என் இடது பக்கம் இருந்தது; அவ்வளவே காரணம்.

பிறகு வீட்டு முகவர் ஜனார்த்தன் வந்தார். டாப்லெட்டில் விரலால் கையெழுத்து வைக்கச் சொன்னார். எந்த விரல் முந்தும் என்று உத்தரவாதம் தரமுடியாததால் கடதாசியில் கேட்டேன். “பையர் ரொம்ப நல்ல ஃபேமிலி மேடம். இங்க ஒரு சைன், அங்க ஒரு இனிஷியல், முடிஞ்சது.” வலது கை பேனையை எடுத்தது. இடது கை ஒப்பந்தத்தை எடுத்துப் பந்தாகக் கசக்கி அவருடைய தேநீரில் அமிழ்த்திற்று. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உனக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. இடது கை எழுந்து, ஜனார்த்தனின் கையை மெதுவாகப் பிடித்து, நல்ல குடும்பத்துப் பெண்கள் விருந்தினரை வழியனுப்புவது போல மிகுந்த மரியாதையுடன் வாசல்வரை கூட்டிக்கொண்டு போயிற்று. கை என்னோடு ஒட்டியிருப்பதால் பின்னால் நானும் போகவேண்டியதாயிற்று. வாசலில் அவரை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திற்று. கதவுக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது: “மேடம், டைட்டில்ல உங்க பேர் மட்டும்தானே? ஜாயின்ட் ஓனர் யாரும் இல்லையே?” இல்லை என்றேன். என் கணவர் ஆனந்தராசா போனபின் வீடு என் பெயரில் மட்டுமே இருக்கிறது. சொல்லிவிட்டுத் திரும்பியபோது கை சுவரில் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல உள்ளங்கையை விரித்து வைத்து, அங்கிருந்து வேறிடம், பிறகு இன்னோரிடம். நான் அதன்கூடச் சுவரோரமாக நடந்தேன். நிறுத்த முடியவில்லை. அவசரமும் இருக்கவில்லை.

சென்ற ஞாயிறு புதிய அறையைப் பார்க்கப் போனோம். புறப்படும்போது கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. கேதீஸும் சோபனாவும் ஆளுக்கு இரண்டு விரலாகப் பிரித்தெடுத்தார்கள். பிளாக்ஹவுஸ் பேயில் அறை நன்றாகவே இருக்கிறது: வெயில் வருகிறது, குளியலறையில் கைப்பிடிகள், சோபனா தைத்த திரைச்சீலை. பொத்தானைக் கழற்றும், திரையைப் பிடுங்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கை ஒன்றுமே செய்யவில்லை. தோளிலிருந்து தொங்கிற்று. வலது கையால் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. கிள்ளினேன், எனக்கு வலித்தது, கை அசையவில்லை. “பாத்தீங்களே மாமி, இஞ்ச வந்தோடன சுகமாப் போச்சு!” என்று சோபனா கைதட்டினாள். ஹில்ஸ்பரோவுக்குத் திரும்பி, கேதீஸ் பூட்டில் திறப்பைப் போட்டுத் திருப்பிய சத்தம் கேட்டதும், விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதைக் கண்ட கேதீஸ் திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

இனி எழுதுவது அச்சுக்கு அல்ல. அன்று மாலை உன் குறிப்பை மறுபடி திரையில் திறந்தேன். இடது ஆட்காட்டி விரல் சென்று ஒரு சொல்லின் மேல் நின்றது: ‘வலக்கைப் பழக்கமுள்ள’. எடுத்து மடியில் வைத்தேன். திரும்பவும் போயிற்று, அதே சொல்லுக்கு. பக்கத்தை மேலே தள்ளினேன். விரல் அந்தச் சொல்லோடு சேர்ந்து மேலே ஏறிற்று. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் இடது கைப் பழக்கத்தோடு பிறந்தவள். உன் அப்பாவுக்குத் தெரியாது, அவன் அப்போது பிறக்கவில்லை. மணலில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்த என்னை ஏடு தொடக்க உட்காரவைத்து, அரிசியில் வலது விரலைப் பிடித்து எழுதுவித்தார்கள். அதன் பின் அம்மா இடது கையைப் பழஞ்சேலைத் துண்டால் இடுப்போடு கட்டிவைத்தார். வலது கை பழகும்வரை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தபோது அது சாதுவாகி, தோளிலிருந்து தொங்கிற்று. பிளாக்ஹவுஸ் பேயில் தொங்கியதும் அதே தொங்கல். நான் மறந்துபோனதை விரல் மறக்கவில்லை என்று நீ எழுதத் துடிப்பாய். எழுதாதே.

என் கோரிக்கை இதுதான். ‘வலக்கைப் பழக்கமுள்ள’ என்பது தகவற் பிழை. அடுத்த மடலில் திருத்து. ‘ஒரே விருப்பம்’ என்பது புத்திப் பிழை, நீக்கு. அத்துடன், இந்தக் கைக்கு எண்ணமோ விருப்பமோ சொத்துரிமையோ கிடையாது, விற்பது முழுக்க என் சம்மதம் என்று உன் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதி, கையொப்பமிட்டு கேதீஸுக்கு அனுப்பு. அதைக் கண்டால் அவன் தெளிவான். கடன் வாங்கிக் கட்டிய அறை ஆளில்லாமல் கிடக்க, அவன் அதற்கும் உழைத்து, என்னிடமிருந்து தொலைபேசி எப்போது வரும் என்று இரவில் விழித்துக்கிடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைக் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம், விசைப்பலகையில் வலது கை தட்டியதை இடது கை அழிப்பதே. இப்போது அதை அடுப்புக் கையுறைக்குள் திணித்து, மேலே உட்கார்ந்திருக்கிறேன். கீழ்வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல, மெல்ல, விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் எந்தக் கையால் எழுதினாலும் நல்லெழுத்து எழுதட்டும், கட்டிவைக்காதே. சங்கம் செழிக்கட்டும், மாநாட்டில் சாப்பாடு நன்றாக அமையட்டும்.

இப்படிக்கு,
உன் மாமி,
கௌரி ஆனந்தராசா

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்று ஜனார்த்தன் புதிய ஒப்பந்தத்தோடு வந்துவிட்டார். கேதீஸும் சோபனாவும் உடனிருந்தார்கள். வலது கையால், தெளிவாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இடது கை மேசையில் அமைதியாக இருந்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள், சோபனா தேத்தண்ணி வைக்க எழுந்தாள். மறுபடி நாங்கள் மேசையைப் பார்த்தபோது ஒப்பந்தம் இரண்டு துண்டாக இருந்தது. கசங்கவில்லை, நடுவில் மடித்து, ஓரம் பிசகாமல் கிழிக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் கசக்கலாம், நிமலன். அப்படிக் கிழிக்க இரண்டு கை வேண்டும். ஆகவே உன் இரண்டு வரி வேண்டாம். திருத்தம் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். கேதீஸ் புதிய அறைக்கு வாடகைக்கு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டான். எனக்குக் கழுத்தில் மாட்டும் அவசர மணி ஒன்று வாங்கித் தருகிறானாம், சரி என்றேன். “எந்தக் கையம்மா கிழிச்சது?” என்று மட்டும் கேட்டான். குனிந்து பார்த்தேன். மடியில் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் பிரித்துவிட வந்தான்.

“விடடா, இருக்கட்டும்” என்றேன்.