அக்காவின் சமையலறை ஐரோப்பாவின் அளவுகோல் ஆனது பற்றி

பிரஸ்ஸல்ஸ்,
ஏப்ரல் 17, வெள்ளி, மாலை 4.10

அன்புள்ள லுட்கார்ட் அக்காவுக்கு,

தம்பி ஃபிர்மின் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் முழங்கால், உன் கொல்லை ரோஜா, பக்கத்து வீட்டு ஓமெரின் பூனை ஆகிய மூன்றும் அங்கு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். மூன்றையும் நான் இன்னும் சரிபார்க்கவில்லை.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நண்பகல் 12.04-க்கு எங்கள் மன்றத்தின் செயலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "குறித்த நேரத்துக்குள் ஆட்சேபம் எதுவும் வரவில்லை, 31-ஆம் பக்கம் ஏற்கப்பட்டது" என்று அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு இரண்டு மாடி ஏறிப் போய் அதை அனுப்பிய பெண்ணிடமே கேட்டேன். அவள் தலையாட்டினாள். ஆகவே செய்தி உறுதி: இன்று நண்பகல் முதல் ஐரோப்பிய விமான ஆராய்ச்சி எட்ட வேண்டிய இலக்கு, உன் சமையலறை.

இது யார் வேலை என்று நீ கேட்பாய். என் வேலைதான். முப்பத்தெட்டு வருடம் நாளிதழில் விமானத் துறைச் செய்தி எழுதினேன், இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு வரி அச்சில் ஏற்றியதில்லை என்று உன் வீட்டு மேசையில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருப்பேன்! அந்த ஆள்தான் ஓய்வுபெற்ற பிறகு, யாரிடமும் கேட்காமல், காய்ந்துபோன ஒரு பேனாவால் இதைச் செய்தான்.

இந்த மன்றத்தில் நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லை, கேட்காததில் தப்பில்லை, எனக்கே ஏழு மாதம் கழித்துத்தான் புரிந்தது. நாடுகள், விமானம் செய்பவர்கள், ஓட்டுபவர்கள், விமான நிலையக்காரர்கள், ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர்கள் எல்லாரும் ஒரே நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து இனி எதை ஆராய்வது என்று பேசுவார்கள், ஏனென்றால் முன்பெல்லாம் ஐந்து நாடுகள் ஒரே இறக்கையை ஐந்து காற்றுச் சுரங்கங்களில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு ஐந்தும் அதை மற்ற நான்கிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தனவாம். மன்றத்துக்கு ஆணையிடும் உரிமை கிடையாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அது எழுதும் ஆவணத்தைப் பார்த்துத்தான் ஆய்வுக்கூடங்கள் அடுத்த இருபத்தைந்து வருடம் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்கின்றன. அந்த ஆவணத்தின் குறிப்பெழுத்தர் நான். கூட்டத்தில் பேசியதை எழுதுவேன், வரைவைப் பிரதி எடுத்து வண்ணம் தீட்டுவேன். முடிவாகாத வரிக்கு மஞ்சள். எல்லாரும் ஒப்புக்கொண்ட வரிக்குப் பச்சை. எழுபதை நெருங்குகிற ஒரு ஆளை நம்பி ஒப்படைக்கக்கூடிய வேலைதான், நான் இல்லாமலிருந்தால்.

31-ஆம் பக்கம் விமான இரைச்சலைப் பற்றியது. அதில் ஒரே ஒரு வரிதான் பாக்கி: 2050-இல் எவ்வளவு அமைதி? ஏழு மாதமாக அதற்குச் சண்டை. எஞ்சின் செய்பவர்கள் சார்பில் வரும் டாக்டர் விப்கே ஹாஸ்லோப் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வளர்ந்த பெண்மணி. டெசிபல் எண் இல்லாத எதையும் அவர் வாக்கியமாகவே மதிப்பதில்லை. பிரான்சின் துலூஸிலிருந்து வரும் லெஸ்காரே, எண் வேண்டாம், விழுக்காடு போதும் என்பார். தலைவர் பேராசிரியர் ஃபல்கெட்டி இத்தாலியின் தூரினோக்காரர். இரண்டுமே வேண்டாம், படித்தால் மனதில் நிற்க வேண்டும் என்பார். மார்ச் 20-ஆம் தேதி அவர் களைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "ஃபிர்மின், அந்த இடத்துல இப்போதைக்கு ஏதாவது எழுதி வைங்க. வெறுமையா இருந்தா அசிங்கமா இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்."

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டில் சாப்பிட்டேன். பீர் ஊற்றி வேகவைத்த மாட்டிறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, சன்னல் திறந்திருந்தது, ஆறு நிமிடத்துக்கு ஒரு விமானம். நீ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபிர்மின், நான் இந்த வீட்டை…" என்றாய். அப்போது பார்த்து ஒரு சரக்கு விமானம் கூரையை உரசுவதுபோல் போனது. அது போய் முடிந்ததும் நீ, "ஒண்ணுமில்லடா, ஆறிப்போகுது, சாப்பிடு" என்றாய். நானும் சாப்பிட்டேன். பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன்: வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாய். முற்றுப்புள்ளி.

மறுநாள் காலை அந்த வெற்றிடத்தில் தட்டினேன்: "2050-க்குள், ஓடுபாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு சமையலறையில், சன்னல் திறந்திருக்கும்போது, ஒருவர் பேசத் தொடங்கியதைத் தொடங்கிய குரலிலேயே பேசி முடிக்க முடிய வேண்டும்." இடத்தை நிரப்பத்தான் எழுதினேன், அக்கா. பிரதி எடுத்து மஞ்சள் தீட்டப் போனால் மஞ்சள் பேனா காய்ந்திருந்தது. எச்சில் தொட்டுப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன், ம்ஹூம். பக்கத்தில் பச்சை இருந்தது. தற்காலிகந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தீட்டிவிட்டேன்.

எல்லாரும் பார்த்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதிக் கூட்டத்தில் அந்த வரி பச்சைப்பசேலென்று எல்லார் முன்னாலும் இருந்தது, எல்லாரும் ஒப்புக்கொண்ட வரி என்று நிறம் சொல்கிறது, எப்போது ஒப்புக்கொண்டோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் ஒருவருக்கும் மனமில்லை. காப்பி இடைவேளையில் டாக்டர் விப்கே என்னை ஓரங்கட்டினார்.

"இது பிரெஞ்சுக்காரங்க வேலைதானே? உண்மையச் சொல்லுங்க."

"டாக்டர், அது வந்து…"

"சொல்ல வேணாம். உங்க முகமே சொல்லுது. எரிச்சல் என்னன்னா, படிக்க நல்லாவும் இருக்கு."

அவர் போன கையோடு லெஸ்காரே கையில் வாஃபிளோடு வந்தார். "ஃபிர்மின், ஜெர்மன்காரம்மா டெசிபல விட்டுட்டாங்க பார்த்தீங்களா? யாரும் மூச்சு விடாதீங்க. விட்டா மறுபடி எண்ணத் தூக்கிட்டு வந்துருவாங்க." இதைச் சொல்லும்போது வாஃபிள் சர்க்கரை முழுக்க என் குறிப்பேட்டில் விழுந்தது. உடம்பில் கொஞ்சமாவது நிருபன் மிச்சமிருந்தால் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுபடி கூடியதும் எழுந்து நின்றேன். நம்பு. "தலைவர் அவர்களே, அந்த வரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

ஃபல்கெட்டி கையமர்த்தினார். "உட்காருங்க ஃபிர்மின். குறிப்பெழுத்தர் பேசினா அதக் குறிப்புல யார் எழுதுறது?" மேசை முழுக்கச் சிரிப்பு. உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த வரிய யார் குடுத்தாங்கன்னு கேட்க மாட்டேன். படிச்சதும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. தூரினோவுல ஓடுபாதை பக்கத்து வீட்டுல அவங்களும் பாதிப் பேச்சுலயேதான் செத்தாங்க" என்றார். அதற்கு மேல் யார் ஆட்சேபிப்பது?

டாக்டர் விப்கே விடவில்லை. "சரி, அழகா இருக்கு. அளக்கறது எப்படி? சமையலறைன்னா எந்தச் சமையலறை? எத்தனை பேர் பேசணும்?" குறைந்தது இருவர் என்று முடிவானது. எந்தச் சமையலறை என்பதற்கு முக்கால் மணி நேரம் போனது. துலூஸில் ஒன்று இருக்கிறது என்றார் லெஸ்காரே; பிரெஞ்சுச் சமையலறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அளக்க முடியாது என்றார் விப்கே. ஹாம்பர்க் என்றார் விப்கே. அங்கே யாருமே பேச மாட்டார்கள் என்றார் லெஸ்காரே. ஃபல்கெட்டி சலித்துப்போய், "யாருக்கும் சொந்தமில்லாத ஊர்ல ஒண்ணு வேணும். இங்க பிரஸ்ஸல்ஸ் ஓடுபாதை பக்கத்துல யாருக்காவது தெரியுமா?" என்றார்.

முப்பத்தெட்டு வருடம் நான் கை தூக்கியதெல்லாம் கேள்வி கேட்க. பதில் சொல்லத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

அதன் விளைவை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் சமையலறை இனி அளவுகோல் சமையலறை. வருடத்துக்கு இரண்டு முறை மூன்று பேர் ஒலிவாங்கிகளோடு வருவார்கள். நீயும் நானும் மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும், விமானம் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அளவு மாறக்கூடாது என்பதால் 2050 வரை திரைச்சீலையை மாற்றக் கூடாது, அலமாரியை நகர்த்தக் கூடாது, வீட்டில் உரிமையாளர் குடியிருக்க வேண்டும். அப்போது உனக்குத் தொண்ணூற்றெட்டு வயது, எனக்குத் தொண்ணூற்றொன்று. இருவருக்கும் காது கேட்காது. இலக்கை எட்டிவிட்டதாக நாமிருவரும் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.

சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பயப்படாதே, நீ செய்ய வேண்டியது எதுவும் இல்லை. எங்கள் மன்றத்தில் எல்லாமே மௌன நடைமுறைதான்: ஒரு தாளை அனுப்பி ஒரு நேரத்தைக் குறிப்போம், அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம். 31-ஆம் பக்கம் இன்று அப்படித்தான் நிறைவேறியது. உனக்கும் அப்படியே: 22-ஆம் தேதி புதன்கிழமை நண்பகல் வரை நீ பதில் எழுதாவிட்டால் சம்மதம். நீ மறுத்தால் மட்டும் அந்த வரி விழுந்துவிடும், டெசிபல் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

மறுத்துவிடாதே அக்கா. முப்பத்தெட்டு வருடமாக நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எழுதி எழுதி என்னத்தடா கிழிச்ச? நேத்தும் என் தலைமேலதான் போச்சு." நியாயமான கேள்வி. நான் எழுதிய எந்தச் செய்தியும் ஒரு விமானத்தின் வாயையும் அடைக்கவில்லை. செய்தியே அல்லாத இந்த ஒரு வரி, தப்பான நிறத்தில் போன வரி, ஒருவேளை அடைக்கும். அதில் என் பெயர் இல்லை. உன் சமையலறை மட்டும் இருக்கட்டும்.

ரோஜாவுக்குத் தண்ணீர் குறையாதிருக்கட்டும், முழங்கால் படியேறட்டும், உன் கூரைமேல் போகிறவர்கள் எல்லாரும் பத்திரமாக, முடிந்தால் சத்தமில்லாமல், இறங்கட்டும். வழக்கமான மூன்று முத்தங்களுடன்,

உன் தம்பி,
ஃபிர்மின்

பின்குறிப்பு, அதே நாள், மாலை 5.35: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க நினைத்தேன், உன் வீட்டு அலமாரி எந்தச் சுவரோரம் இருக்கிறது என்று. நீ போனை எடுக்கவில்லை. ஓமெரைக் கூப்பிட்டேன்.

"அலமாரியா? அத போன வாரமே வண்டியில ஏத்திட்டாங்களே" என்றான்.

"எந்த வண்டி?"

"என்னப்பா கேக்குற, உனக்குத் தெரியாதா? வீட்டு முன்னால பலகை தொங்குதே."

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'விற்றாயிற்று' என்றான். போய்ப் பார்த்து மறுபடி படிக்கச் சொன்னேன். போய்ப் படித்தான். அதேதான். சன்னல்கள் மூடியிருக்கின்றன என்றான், திரைச்சீலை இல்லை என்றான், ஆனால் மாலையில் உள்ளே விளக்கு எரிகிறதாம், இந்த மாதக் கடைசி வரை நீ இருப்பாய் என்று நினைக்கிறானாம். படிவத்தைப் பற்றிச் சொன்னதும், "என் சமையலறைய எடுத்துக்கயேன், சும்மாத்தான் கெடக்கு. ஆனா ரெண்டு பேர் பேசணும்னியே, நான் பூனையோடதான் பேசுறேன்" என்றான்.

ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் திருத்திப் படித்துக்கொள். வீடு விற்றது உறுதி. சொன்னவர் ஓமெர், ஆதாரம் பலகை. வெள்ளையடிக்கும் செய்தி தவறு. சொன்னவன் நான், ஆதாரம் எதுவும் இல்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் விப்கேயிடம் போய்ப் பச்சைப் பேனாவிலிருந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சமையலறை இல்லாமல் அந்த வரி பிழைக்குமா என்பது மே 7-ஆம் தேதி முழு மன்றக் கூட்டத்தில்தான் தெரியும்.

மார்ச் 22-ஆம் தேதி நீ தொடங்கியது என்ன என்பது இன்னும் உறுதியாகவில்லை. அன்று விமானம் போன பிறகு ஆறு நிமிடம் அமைதியாக இருந்தது, கேட்டிருக்கலாம். கேட்காமல் சாப்பிட்டேன். அஞ்சலில் போட்டால் இது செவ்வாய்க்கிழமைதான் வரும், அதனால் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். சன்னலை மூடியே வை. நீ பேசாமல் இருந்தால் எந்த முடிவுக்கும் வர மாட்டேன், உட்கார்ந்திருப்பேன்.