சந்தாதாரர் தூங்குகிறார்

முதலில் புல்லாங்குழல் கேட்டது.

கண் இன்னும் திறக்கவில்லை. குழல் காதுக்குள்ளேயே ஊதியது. ஒரே மெட்டு, முடிந்த இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. செத்துப்போய் மேலே வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று நான் மகிழ்வதற்குள் ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது. இங்கேயும் வரிசைதானா என்று அலுத்துக்கொண்டே கண்ணைத் திறந்தேன். காதோடு ஒட்டி ஒரு கைபேசி. அதைப் பிடித்தபடி என் மனைவி.

"என்னங்க, அவங்க லைன்ல வந்ததும் 'ஆமா, நான்தான்'னு சொல்லிடுங்க. அப்புறம் தூங்குங்க."

இதற்கு மேல் போவதற்குள் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளிர்பதனக் கிடங்கில் இரவு ஆபரேட்டர். பட்டாணியும் மீனும் உறைந்த நிலையில் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் விழித்திருக்கிறேன். விடிந்து வீடு வந்தால் என் தூக்கத்துக்குக் காவல் கிடையாது. பட்டாணிக்கு இருக்கும் யோகம் எனக்கு இல்லை.

இரவெல்லாம் உறைந்த சரக்கு. பகலில் வீட்டுக்கு வந்தால் உறைந்த படம். கேபிள் கம்பெனியின் புண்ணியத்தில் எங்கள் டிவியில் கதாநாயகி அழ ஆரம்பிப்பாள். கண்ணீர் பாதிக் கன்னத்தில் வந்து நின்றுவிடும். மறுபடி அது கீழே இறங்கும்போது அவளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். மனைவி கம்பெனிக்குப் போன் போடுவாள். அவர்கள் உடனே கேட்பார்கள், "சந்தாதாரர் பேசுகிறாரா?"

சந்தாதாரர் நான். கேட்கும்போது ஏதோ ஜமீன்தார் மாதிரி இருக்கும். ஆனால் சொந்தமாக ஒரு ஸ்விட்சைத் தொட அதிகாரம் கிடையாது. ரிமோட் அவள் கையில். இணைப்பு மட்டும் என் பெயரில். புகார் சொல்ல வேண்டுமானால் சந்தாதாரரே தன் வாயால், "நான்தான் பேசுகிறேன், என் மனைவி பேச அனுமதிக்கிறேன்" என்று சொல்லவேண்டும். நேற்றுச் சொன்னது இன்றைக்குச் செல்லாது. பாதுகாப்பு ஏற்பாடாம். எங்கள் வீட்டுப் படம் நின்றுபோன ராணுவ ரகசியம் அந்நியர் கையில் சிக்கிவிடக் கூடாதல்லவா?

ஆகவே தினமும் நான் கனவின் நடுவிலிருந்து எழுந்து அனுமதி வழங்கினேன். கண்ணை மூடியபடியே வழங்கினேன். ஒருநாள் கிடங்கில் மேலதிகாரி "யார்ப்பா இன்னிக்கு டூட்டி?" என்று கேட்டபோது, "ஆமா, நான்தான், என் மனைவி பேச அனுமதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்.

கட்டணமோ, நாங்கள் கேட்காமலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் "உங்கள் பார்வை அனுபவத்தை மேம்படுத்த" என்று ஒரு செய்தி வரும். என் பார்வை மங்கியதுதான் மிச்சம். நாங்கள் இருந்த திட்டத்துக்குப் பெயர் 'தங்கக் குடும்பம்'. அதில் பனியில் சறுக்குகிறவர்களுக்கு ஒரு சேனல். காய் நறுக்கும் கருவியை நாள் முழுக்க விற்க மூன்று சேனல். எங்களுக்குப் புரியாத மொழியில் செய்திகள் சொல்ல ஒரு கூட்டம். மனைவிக்கு வேண்டிய தொடர் சேனல் அதில் இல்லை, அதற்குத் தனிக் கட்டணம். எனக்கு வேண்டிய ஒன்றே ஒன்று இருந்தது. கடல் சேனல். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் அதைப் பார்ப்பேன். பேச்சு குறைவு. மீன்கள் நீந்தும். மீன் நீந்தும் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வரும். எங்கள் கிடங்கில் அவை அடுக்கி இருக்கும்.

மனைவி எப்போதோ ஒரு யோசனை சொன்னாள். இதை விட்டுவிட்டு வேறு திட்டத்துக்குப் போகலாமே என்று. நான் பாக்கெட்டிலிருந்து கீச்செயினை எடுத்துக் காட்டினேன். 'எங்கள் மதிப்புமிகு நீண்டகாலக் குடும்பத்தினருக்கு' என்று அதில் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. பழைய வாடிக்கையாளருக்கு ஒரு மரியாதை உண்டு, அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன். அவள் கீச்செயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களைத்தான் நான் குறித்து வைத்திருக்கவேண்டும்.

அதன் பிறகுதான் படம் உறைவது ரொம்ப அதிகமாகிப்போனது. புல்லாங்குழல் ஒரு பகலில் இரண்டு கச்சேரி செய்தது.

ஒருநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்திருந்தார். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பேசினார்கள். அப்படி நான் நினைத்தேன்.

"உங்க வீட்டுக்காரராவது, கனெக்ஷனை வெட்டறதாவது" என்றார் தையல்காரம்மா. "மீன் பாக்காம அந்த மனுஷன் செருப்பே போட மாட்டாரே."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்றாள் மனைவி. "அவருக்கு உள்ளுக்குள்ள நிறைய தைரியம் இருக்கு. வெளிய வர்றதில்லை, அவ்வளவுதான்."

போர்வையை உதறி எழுந்தேன். தைரியம் வெளியே வந்தது. பனியன், தலையணைத் தழும்பு விழுந்த கன்னம் சகிதமாக வந்தது. கூடத்தின் நடுவில் நின்று, இன்றோடு இந்த வீட்டில் கேபிள் என்ற சொல்லே இருக்காது என்று அறிவித்தேன். கொள்ளையை ஆதரிக்க முடியாது என்றேன். கொள்கை என்றும் சொன்னேன். தூக்கம் என்று மட்டும் சொல்லவில்லை. உண்மையில் நான் கேட்டது அதைத்தான்.

மனைவியின் முகம் வாடியது. இப்போது நினைத்தால், அந்த வாட்டத்துக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.

"வேண்டாங்க. கோபத்துல முடிவெடுக்காதீங்க. கீச்செயினெல்லாம் குடுத்திருக்காங்க."

"கீச்செயினா? இதோ பார்" என்று அதை ஜன்னல் வழியாக வீசினேன். வீட்டுச் சாவியும் அதில்தான் இருந்தது. போய் எடுத்து வந்து, சாவியைக் கழற்றிவிட்டு மறுபடி வீசினேன். தையல்காரம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், துணிக்கு அளவெடுப்பதுபோல.

போன் போட்டேன். புல்லாங்குழலை முதன்முறையாக உட்கார்ந்த நிலையில் கேட்டேன். இணைப்பை வெட்டவேண்டும் என்றதும் அந்தப் பக்கம் குரல் மாறியது. புகார் சொல்ல வேண்டுமானால் அரைநாள் காக்க வைப்பவர்கள், போகிறேன் என்றால் வாசல்வரை ஓடி வருகிறார்கள். தேன் ஊறும் குரலில் ஒரு பெண், சார், உங்களைப் போன்ற சந்தாதாரரை இழக்க நேர்ந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்றாள். என்னை இழக்க இதுவரை யாருமே வருத்தப்பட்டதில்லை. கொஞ்சம் நெகிழ்ந்தேன். கட்டணத்தில் சிறு தள்ளுபடி என்றாள். முடியாது என்றேன். இன்னொரு கீச்செயின் என்றாள். சிரித்தேன். கடல் சேனல் ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றாள்.

கண்ணுக்குள் ஒரு திருக்கை மீன் மெல்ல இறக்கை விரித்தது.

மனைவி என் தோளில் ஆதரவாகக் கை வைத்தாள்.

"ஒத்துக்கங்க. நீங்க இவ்வளவு தூரம் பேசினதே பெரிசு. அக்காகிட்ட நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"வெட்டுங்கள்" என்றேன் போனில்.

திருக்கை இருளில் போய் மறைந்தது.

அதற்குப் பின் நான் தூங்கிய தூக்கத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். குழல் இல்லை. ஆமா இல்லை. நான்தானும் இல்லை. முன்னெச்சரிக்கையாகக் காதில் பஞ்சும் வைத்துக்கொண்டேன். உறைந்த பட்டாணி பொறாமைப்படும்படித் தூங்கினேன். மனைவி சத்தமில்லாமல் நடமாடினாள். சாயங்காலம் எழுந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிப்பது என் வேலை. அதை முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இருண்ட டிவி முன்னால் அரைமணி நேரம் உட்காருவேன். கண்ணாடியில் என் முகம் தெரியும். அதுவும் ஏறக்குறைய ஆழ்கடல் பிராணி மாதிரிதான் இருந்தது. பரவாயில்லை, ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் இழப்பு இருக்கத்தானே செய்யும்.

இப்படி ஒரு வாரம் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பகல், தும்மிக்கொண்டே விழித்தேன். முகத்தின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. எடுத்தால் துண்டெல்லாம் வெள்ளைத் தூள். தலையணையிலும் தூள், புருவத்திலும் தூள். கிடங்கின் உறைபனி வீடு தேடி வந்துவிட்டதா என்று பயந்து அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே சுவரில் புதிதாக ஒரு துளை. அதன் வழியே ஒரு கறுப்பு ஒயர் உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றி, கதவோரமாகக் கூடத்துக்குப் போனது. காதுப் பஞ்சைப் பிடுங்கிவிட்டு அதன் பின்னாலேயே போனேன்.

ஒயர் முடிந்த இடத்தில் ஒரு புதுப் பெட்டி. அதில் நீல விளக்கு. டிவியில் கதாநாயகி அழுதாள். கண்ணீர் எங்கும் நிற்காமல் கன்னத்தைக் கடந்து மோவாயிலிருந்து சொட்டியது. எதிரே மனைவியும் தையல்காரம்மாவும்.

"இது என்ன?"

"கனெக்ஷன்" என்றாள் மனைவி.

"வெட்டியாச்சே."

"உங்க கனெக்ஷனை வெட்டியாச்சு. இது என்னோடது."

"என் தலைமேல துளை போட்டிருக்கான்."

"கம்பம் அந்தப் பக்கம்தானே இருக்கு. உங்களை எழுப்ப வேண்டாம்னு சொன்னேன். நல்ல மனுஷன், தூள் விழுமேன்னு மூஞ்சிக்குத் துண்டெல்லாம் போர்த்திவிட்டாரு."

விஷயம் இதுதான். அதே கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கட்டணம் பாதி. பெட்டி சும்மா. தொடர் சேனலும் அதிலேயே சேர்த்தி. பழைய குடும்பத்தினருக்குக் கீச்செயின். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் புதிது தரமாட்டார்கள். இருப்பதை வெட்டவோ, சந்தாதாரர் தன் வாயால் சொல்லவேண்டும். இதையெல்லாம் தையல்காரம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார். அவர் வீட்டுக்காரரும் சமீபத்தில் ஒருநாள் கொள்கை பேசியவர்தானாம்.

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேனே. கீச்செயினைக் காட்டினீங்க."

எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. "தினமும் படம் நின்னுபோச்சுன்னு என்னை எழுப்பினியே, அதெல்லாம்?"

"பாதி நாள் நிஜமாவே நின்னுது."

"மீதி?"

தையல்காரம்மா கூரையைப் பார்த்தார்.

"மீதி நாள்ல அந்தக் குழல் கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள் மனைவி.

கோபப்பட நியாயமே இல்லை, அதுதான் கொடுமை. பணம் மிச்சம். படம் தெளிவு. புகார் சொல்வதானாலும் இனி அவளே சந்தாதாரர். என்னை யாரும் எழுப்பப் போவதில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ரிமோட்டை மெதுவாக வாங்கி, ஒவ்வொரு சேனலாகத் தள்ளிப் பார்த்தேன். காய் நறுக்கும் கருவி இருந்தது. பனிச்சறுக்கு இருந்தது. கடல் இல்லை.

மறுநாள் பிற்பகல் எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தையல்காரம்மா போய்விட்டார். மனைவி கூடத்துப் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணிக்குவியல். நான் மடிக்க உட்கார்ந்தேன். ஒரு தலையணை உறையைப் பாதி மடித்ததும் மனசு கேட்கவில்லை. அவள் கைபேசியை எடுத்து, சத்தம் குறைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கம்பெனியைக் கூப்பிட்டேன். குழல் ஊதியது. பிறகு அதே தேன்குரல்.

கடல் சேனல் ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும் என்றேன்.

"சந்தாதாரர் பேசறீங்களா சார்?"

"அவங்க வீட்டுக்காரர்."

"மன்னிக்கணும் சார். சந்தாதாரர் சொன்னாத்தான் நாங்க உங்ககூடப் பேச முடியும்."

போன வாரம் என்னை இழக்க முடியாமல் தவித்தவள் இவள்தான். நான் கைபேசியை மெல்ல மனைவியின் காதருகே கொண்டுபோனேன். எத்தனையோ பகல்கள் அவள் எனக்குச் செய்ததுதான்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் பேச அனுமதிக்கறீங்களா?"

மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஆமா, நான்தான். பேசட்டும், பாவம். எதையும் வாங்க மட்டும் விட்டுடாதீங்க."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்" என்றது குரல். "இப்ப நீங்க பேசலாம்."

படம் தெளிவாகத் தெரிகிறது, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பாதியில் விட்ட தலையணை உறையை எடுத்து உதறினேன். இன்னும் கொஞ்சம் சுவர்த்தூள் உதிர்ந்தது. மடித்தேன்.