லேபிள் கட்டிய குடை

மனிதர்களில் ஆதாரம் கேட்கும் ஆசாமி என்று ஒரு வகை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில், அலுவலகத்தில் ஜன்னலோரத்தில், சொந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறத்தில் என்று எங்கும் பரவியிருக்கும் இனம். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். "எதை வச்சு சொல்றீங்க?" என்பார். கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நீங்கள் திணறுவதைப் பொறுமையாகப் பார்ப்பார். கோபம் கிடையாது. குரலை உயர்த்தமாட்டார். அதுதான் கொடுமை.

இந்த இனத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறார். வழக்குகளில் கைப்பற்றிய பொருள்களைப் பூட்டி வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பிடி உடைந்த கத்தி, முன்சக்கரம் இல்லாத சைக்கிள், ஜோடியைப் பிரிந்து பதினோரு வருடமாகத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றுக்கும் சணலில் கோத்து இரட்டை முடிச்சுப் போட்ட ஒரு லேபிள் உண்டு. லேபிளில் எண், தேதி, அவர் கையெழுத்து. லேபிள் இல்லாத பொருள் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு 'லேபிள் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆகவே அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

அறையோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சாயங்காலம் அறையைப் பூட்டிவிட்டு வருபவர் சணல் உருண்டையையும் கூடவே கொண்டுவந்தார். வீட்டில் குடைக்கு ஒரு லேபிள், கத்தரிக்கோலுக்கு ஒன்று, சாப்பாட்டு டப்பாவுக்கு ஒன்று. மனைவிக்கும் மகளுக்கும் கட்டவில்லை. அவர்களிடம் வாக்குமூலம் வாங்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஏங்க, மழை வருது. துணியை எடுங்க" என்பாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

அவர் பால்கனிக்குப் போய் உள்ளங்கையை நீட்டுவார். ஒரு சொட்டு விழும். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் அதைப் பார்ப்பார்.

"ஒரு சொட்டுதான். மாடி வீட்டுல துணி காயப்போட்டிருக்காங்க. அதுலருந்துகூட விழுந்திருக்கலாம்."

"நீங்க விசாரணையை முடிங்க. துணியை நாளைக்கு மறுபடி துவைச்சுக்கறேன்."

எதிர்த்தரப்புக்கு இவ்வளவு கறார். தம் தரப்புக்கு? "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்பார். மாத்திரைப் பட்டையில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. அவள் பட்டையைத் தூக்கிக் காட்டினால் முகம் சுருங்கிப்போகும். "நான் சொல்றேன்ல?" இந்த இனம் முழுவதுக்கும் இது பொதுவான குணம். நிரூபிக்கும் பொறுப்பு எப்போதும் அடுத்தவருக்கு, சந்தேகத்தின் பலன் எப்போதும் தமக்கு.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், பல் வலி என்று சொன்னால்கூட எந்தப் பல், எப்போதிலிருந்து, வேறு யாரிடம் சொன்னாய் என்ற கேள்விகளைத் தாண்டித்தான் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. வர வர அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சும்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அதிகம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. அவர்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுதிவிட்டாள். பள்ளியில் கட்டுரைப் போட்டி; தலைப்பு 'நான் அறிந்த ஒரு மனிதர்'. அவளுக்கு முதல் பரிசு என்று முடிவாயிற்று. ஆண்டு விழாவில் அவளே மேடையேறி அதைப் படிக்க வேண்டும். அதற்குள் பள்ளியிலிருந்து அப்பாவை வரச் சொல்லி ஆள் வந்தது.

அலுவலகத்திலிருந்து நேராகப் போனார். தலைமை ஆசிரியையின் அறையில் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம். மேசைக்குப் பக்கத்தில் கட்டுரையும் கையுமாக வகுப்பாசிரியர். கதவோரம் பையின் வாரைப் பிடித்து முறுக்கியபடி மகள்.

"இது இந்த வயசுப் பொண்ணு எழுத்து இல்ல சார்" என்றார் வகுப்பாசிரியர். "எங்கிருந்தோ பாத்து எழுதியிருக்கா. கேட்டா, நானேதான் எழுதினேன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றா. யாரைப் பத்தின்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறா."

"நிரூபிக்க முடியலன்னா பரிசை வேற பிள்ளைக்குத்தான் குடுக்கணும்" என்றார் தலைமை ஆசிரியை. "காரணத்தையும் காலையில எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் சொல்லியாகணும். எனக்கும் இஷ்டமில்லதான்."

லேபிள் சார் மகள் பக்கம் திரும்பினார். தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"எழுதும்போது யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"முதல்ல எழுதிப் பாத்த தாள்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

சாட்சி இல்லை, ஆவணம் இல்லை. எவ்வளவு பலவீனமான வழக்கு என்று அவருக்குத்தானே தெரியும்? வகுப்பாசிரியரிடம் திரும்பினார்.

"பாத்து எழுதினதுக்கு என்ன ஆதாரம்? எந்தப் பத்திரிகை? எந்த மாசம்?"

"படிச்சாலே தெரியுது சார். இப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்க முடியுமா? எவனோ தமாஷா எழுதறவன் உக்காந்து கற்பனை பண்ணினது. கேளுங்க." அவர் உரக்கப் படித்தார். "'அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அது மழைதான் என்பதற்கு இன்னொரு சொட்டு தேவைப்பட்டது. அதற்குள் எங்கள் துணிகள் சாட்சி சொல்லி முடித்துவிட்டன.'"

தலைமை ஆசிரியை சிரித்தார். மகள் தரையைப் பார்த்தாள். வகுப்பாசிரியர் உற்சாகமாகிவிட்டார். மாத்திரைப் பட்டை வந்தது, பல் வலி வந்தது, கத்தரிக்கோலும் குடையும் டப்பாவும் சணல் கயிற்றோடு வந்தன. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. கடைசி வரிக்கு மட்டும் இல்லை.

"'அவர் என்னை நம்புகிறாரா என்று தெரியவில்லை. இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை.'"

வகுப்பாசிரியர் தாளை மேசைமேல் வைத்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். மானம் மிஞ்சும், மகளுக்குத்தான் கெட்ட பெயர். பேசினால் மகள் தப்பிப்பாள். இந்த ஊரில் இனிமேல் அவர் பின்னால் சிரிப்பு போகும். பொருள்களைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றக் கூடத்துக்குப் போகும் நாளெல்லாம் அவர் காதில் விழுந்த பேச்சு ஒன்று உண்டு. நிரூபணம் என்றால் துளிச் சந்தேகமும் எஞ்சாமல் துடைத்து எடுப்பது அல்ல. விவேகமுள்ள ஒருவர் இருப்பதையெல்லாம் பார்த்து, உண்மைதான் என்று நம்பிக் காரியத்தில் இறங்கலாம் என்றால் போதும் என்று நீதிபதி எத்தனையோ தீர்ப்பில் வாசித்திருக்கிறார். இருபத்தாறு வருடமாக இவர் அதை மின்விசிறிச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆள் இருக்கார்" என்றார்.

"எங்க சார்?"

"உங்க முன்னாலதான்."

வகுப்பாசிரியர் இரக்கத்தோடு பார்த்தார். "பொண்ணுக்காக சொல்றீங்க. பெத்த மனசு. ஆனா இதுக்கு என்ன ஆதாரம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி அவரை நோக்கி வந்தது. எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தோன்றியது. நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து மேசைமேல் வைத்தார். கைப்பிடியில் சணல், இரட்டை முடிச்சு, லேபிள். எண் நான்கு. வாங்கிய தேதி. கையெழுத்து.

தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "டப்பா?"

பையிலிருந்து டப்பாவும் வந்தது. எண் ஏழு.

"ரெண்டுலயும் இருக்கறது இவர் கையெழுத்துதான்னு எப்படி..." என்று வகுப்பாசிரியர் ஆரம்பித்தார்.

"சார், போதும்" என்றார் தலைமை ஆசிரியை, வாயைக் கையால் மூடிக்கொண்டு. "பாப்பா, விழாவுல நீயே படி. கொஞ்சம் சத்தமா படிக்கணும், என்ன?"

அப்பாவும் மகளும் வெளியே வந்து நடந்தார்கள். தெருமுனை வந்தது.

"கோவமாப்பா?"

"யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி."

"மூஞ்சியெல்லாம் ஆதாரம் ஆகாது."

அவள் சிரிக்கவில்லை. "நான்தான் எழுதினேன்னு எப்ப நம்பினீங்க? அவர் படிச்சுக் காட்டறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். லேபிள் ஆடியது.

"முன்னாலயேதான்."

"ஆதாரம்?"

நாலு அடி நடந்தார். சாட்சி இல்லை. ஆவணம் இல்லை.

"நான் சொல்றேன்ல?"

மகள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரை வெகுநேரம் பார்த்தாள். "சரி" என்றாள். சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

இந்த ஆசாமி யாரென்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர், அல்லது மேலதிகாரி, அல்லது மச்சான். யாரைக் கேட்டாலும் வேறு யாரையோதான் கைகாட்டுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் குடைக்கெல்லாமா ஒருத்தன் லேபிள் கட்டுவான், இது எங்கே நடந்தது, யார் பார்த்தது என்று படிக்கும்போதே உங்கள் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்ததா? அப்படியானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கையில் பேனா இருக்கிறதா என்றும்.