லண்டன் அண்ணையின் இடப்பக்க சீற்

பிராங்பேர்ட்டைச் சுற்றியுள்ள தமிழர்களில் லண்டன் அண்ணை அளவுக்கு இங்கிலாந்தை நேசித்தவர் எவருமில்லை. இங்கிலாந்துதான் அவரை உள்ளே விடவேயில்லை. அகதியாக அலைந்த காலத்தில் போன தடவையெல்லாம் கடற்கரையிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பியது.

வெள்ளைக்காரன் என்றால் அவருக்கு ஆங்கிலேயன் மட்டுந்தான். விமான நிலையத்தில் அவரோடு ஆயுள் முழுக்கப் பெட்டி தூக்கியவர்கள் வெறும் ஜெர்மன்காரர்.

"ரயில் விட்டது ஆர்? வெள்ளைக்காரன். புட்போலுக்குச் சட்டம் எழுதினது ஆர்? முத்திரை ஒட்டிக் கடிதம் போடக் காட்டித் தந்தது ஆர்?"

"சனத்தை எண்ணிப் பாத்து, கூடினவனிட்ட எங்கட தீவின்ர சாவியைக் குடுத்திட்டுப் போனதும் அவன்தான்," என்பார் அவர் மனைவியான அக்கா, உள்ளிப்பூண்டு உரித்தபடி. "அதாலதான் இந்தக் குளிருக்க கிடக்கிறம். அதையும் சொல்லுங்கோ."

அண்ணை வெள்ளைக்காரன் மாதிரித் தேத்தண்ணிக்குள் பாலை ஊற்றுவார்.

பக்தியின் உச்சம் அவருடைய கார். லண்டனில் இருக்கும் மச்சான் கழித்துவிட்ட பழசு. ஸ்டியரிங் வலப்பக்கம், ஜெர்மனியில் ஓடவேண்டியதும் வீதியின் வலப்பக்கம். முன்னால் ஒரு லொறி போனால், லொறியின் முதுகுதான் அவருக்கு உலகம். எதிரே வாகனம் வருகிறதா என்று இடப்பக்கம் இருக்கும் அக்காதான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

"இஞ்சேர், வருதோ?"

"பொறுங்கோ... இப்ப போங்கோ."

ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க. கல்யாணம் என்பதே அவ்வளவுதான் போலும்.

பிறகு சீனி வருத்தம் என்ற நீரிழிவு அக்காவின் கண்ணில் இறங்கியது. டார்ம்ஸ்டாட் நகரக் கண் ஆஸ்பத்திரியில் டொக்டரோடு ஜெர்மன் பேச, பக்கத்து வீட்டுப் பெடியனான என்னையும் கூட்டிப் போனார்கள். பார்வை இனித் திரும்பாது என்றார் டொக்டர். பல மாதங்களாகவே தூரத்தில் எதுவும் தெரிந்திராது என்றும் சொன்னார். நான் தமிழில் சொல்லி முடிக்க, அண்ணை அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப போன கிழமை அந்த பஸ்ஸை எப்பிடி முந்தினனாங்கள்?"

"சத்தத்தைக் கேட்டுச் சொன்னனான்."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ரோட்டைத்தானே கேட்டனீங்கள். என்ர கண்ணை எண்டைக்குக் கேட்டனீங்கள்?"

கார்த் தரிப்பிடத்தில் அக்கா பின்கதவைத் தடவிப் பிடித்தார். "தம்பி, நீ முன்னுக்கு இரு. இனி நான் அங்க என்னத்துக்கு?"

அழுகை இல்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரின் வறண்ட குரல். அண்ணை முன்பக்க இடக்கதவைத் திறந்து அவரை இருத்தி, பெல்ட்டையும் போட்டுவிட்டு, என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

நகரம் தாண்டியதும், சீனி செய்யும் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது.

"இஞ்சேர், வருதோ?"

அக்கா திடுக்கிட்டார். "எனக்குத் தெரியேல்லையே."

"அப்ப பொறுப்பம். வெள்ளைக்காரன் கியூவில நிண்டா முந்த மாட்டான்."

"உங்கட வெள்ளைக்காரன் நாசமாப் போக," என்றார் அக்கா, சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

பின்னால் ஹோர்ன்கள் அலறின. சற்று நேரத்தில் அண்ணை மறுபடி கேட்டார். அக்கா காதை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் சாய்த்தார்.

அந்த டிராக்டர் எந்த வயலுக்குள்ளும் திரும்பி அக்காவின் வேலையை மறுபடி பறித்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.