கேள்விக்கு முன்பே வாங்கிய பதில்கள்

ப்லோவ்திவ்,
ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளை லியூபென் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கள் வரலாற்றுக் கருத்தரங்க வகுப்பில் மூன்று மாணவர்களுக்குத் தேன் கொடுத்துப் பதில் சொல்ல வைத்தது நான்தான். உங்களை வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்த குழுவின் முன்னால் நீங்கள் தலைகுனிந்ததற்கு வேறு யாரும் காரணமில்லை. நீங்களும் தங்கை வெலிச்காவும் நலமென்று நம்புகிறேன். அவள் என் போனை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

மார்ச்சில் ஒருநாள் உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு கேள்வி கேட்டீர்கள், நாற்பத்தொன்றுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். வெளியே வந்ததும், "மாப்ள, தேன் விலையச் சொன்னதும் நான் வாய மூடிக்குவேன். அடுத்து வாங்குறவன்தான் பேசணும். நீங்க விலையும் சொல்லி, பேரமும் பேசி, நீங்களே வாங்கிட்டும் போறீங்களே!" என்றேன். "மச்சான், அந்த அமைதி வந்தாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்றீர்கள்.

அந்த வயிறு குழு முன்னால் என்ன ஆகுமோ என்று பயந்து, அன்றைக்கென்று நீங்கள் எழுதி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டேன். நம் ஊர்ப் பிள்ளைகளைத் தெரியாதா? வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி எண் போட்ட சீட்டைக் குலுக்கி எடுத்து, அந்த எண்ணுக்கான பதிலை ஒப்பித்தே வளர்ந்தவர்கள். நானும் பதில்களுக்கு எண் போட்டே கொடுத்தேன். ஆனால் செவ்வாயன்று நான் கதவோரம் நின்று பார்க்க, நீங்கள் அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "அணை கட்டுறதுக்கு ஒரு ஊரத் தண்ணியில முக்குனாங்க. அந்த ஊர்க்காரங்ககிட்ட யாராவது கேட்டிருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடினீர்கள். என் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளை! எனக்கு அது தெரியாமல் போயிற்றே. ஜன்னலோரம் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அதற்குள் என் ஒன்றாம் நம்பர் எழுந்து சுல்தான் காலத்து வரிகளை ஒப்பித்தான். இரண்டாம் நம்பர் ரயில்பாதை போட்டான். மூன்றாமவன் மூச்சு விடாமல் ரோஜா எண்ணெய் ஏற்றுமதி. "என்னங்க லியூபென், இங்க கேள்விக்கும் பதிலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதா?" என்றார் குழுத் தலைவி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கையை இறக்கிக்கொண்டாள். முப்பது வருட வியாபாரத்தில் நான் கலப்படம் செய்தது அன்று ஒருநாள்தான். அதையும் உங்கள் வகுப்பில் செய்துவிட்டேன்.

வருகிற செவ்வாயன்று குழு மறுபடி வருகிறதாம். நான் அந்தத் தெருவுக்கே வரமாட்டேன். இனி உங்கள் காரியத்தில் தலையிடவும் மாட்டேன். உங்கள் வயிற்றுக்குத் தெம்பும், வெலிச்காவின் கோபத்துக்குத் தணிவும் கிடைக்கட்டும்.

வெட்கத்துடன்,
ஸ்டாமென்

பி.கு.: தலையிட்டுவிட்டேன். ஜன்னலோரப் பெண் ராலிட்சா, தேன் கொடுத்தது யாரென்று அந்தப் பையன்களிடம் விசாரித்துக்கொண்டு இன்று என் கடைக்கு வந்தாள். முங்கிய ஊர் அவள் அப்பா பிறந்த ஊராம். "சார் கேட்டுட்டு நிறுத்துனாரு பாருங்க, அப்பத்தான் பேசலாம்னு தோணுச்சு. அதுக்குள்ள உங்க ஆளுங்க முந்திக்கிட்டாங்க" என்றாள். தேனை நீட்டினேன், "பதிலுக்கெல்லாம் விலை வைக்காதீங்க" என்று தள்ளிவிட்டாள். உங்கள் சார்பில் நான் ஒப்புக்கொண்டது: செவ்வாயன்று அதே கேள்வியைக் கேட்கிறீர்கள், முழுசாக ஒரு நிமிடம் ஆனாலும் அவள் கை உயரும்வரை வாயைத் திறப்பதில்லை, அவள் பேசுகிறாள்.