சென்ரிமீற்றர் மாமாவும் வன்னியில் ஐந்து படிகளும்

ஒஸ்லோவில் உள்ள எல்லாக் கதவுகளின் அகலமும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் சென்ரிமீற்றர் மாமாதான். கதவைச் செய்தவனே மறந்திருப்பான். மாமா மறக்கமாட்டார். பிள்ளையள், நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் ரொம்சோஸ் பக்கம் போய் யாரையாவது கேட்டுப் பாருங்கோ.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. சக்கர நாற்காலியில்தான் வருவார். மடியில் எப்போதும் மஞ்சள் நிற அளவுநாடா. வன்னியில் சண்டை நடந்தபோது செல் குண்டு விழுந்து ஒரு கால் போய்விட்டது, மற்றக் காலுக்கும் பலமில்லை. சின்னப் பிள்ளைகள் "மாமா, உங்கடை கால் எங்கை?" என்று கேட்டால் பெரியவர்கள் பதறுவோம். மாமா பதறமாட்டார். "எங்கையோ கழட்டி வைச்சிட்டன் ராசா. கண்டா ஒருக்காச் சொல்லு" என்பார். என் மகள் ஒரு பின்னேரம் முழுவதும் சோபாவுக்குக் கீழே தேடினாள்.

நாங்கள் ரொம்மனில் வீடு வாங்கியதும் அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே கழிவறைக் கதவடிக்குப் போய் நாடாவை இழுத்தார்.

"அறுபத்தெட்டு!"

"என்னண்ணை அறுபத்தெட்டு?" என்றா என் மனைவி.

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி. குடிச்சாப் பிறகு உதுக்குள்ளை போகேலாது."

மகள் என் காதுக்குள், "அப்பா, இவர் ஸ்னெக்கரோ?" என்றாள். தச்சுவேலை செய்பவரோ என்று கேட்கிறாள். அடுத்த மாதமே அந்தக் கதவை இடித்துப் பெருப்பித்தேன். வீட்டுக்கு வந்த மனிசனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கேலாதென்றால் அது என்ன வீடு?

ஸ்ட்ரோம்மனில் ஒரு துணிக்கடையில் உடுப்பு மாற்றும் அறையை அளந்தார். உள்ளேயிருந்து ஒரு நோர்வேப் பெண் கத்தினா. "நீங்கள் மாத்துங்கோ, நான் வெளியாலைதான் அளக்கிறன்" என்று மாமா தமிழிலேயே சமாதானம் சொன்னார்.

இனி முக்கியமான கதைக்கு வாறன்.

வன்னியில் மாமாவின் ஊரில் சிவமலர் அக்கா என்று ஒருவர் இருக்கிறா. அவவும் சக்கர நாற்காலிதான். சண்டையில் கையோ காலோ கண்ணோ இழந்த பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு சின்னச் சங்கம் நடத்துறா. அவர்கள் உதவிப்பணத்துக்கு மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டிய அரச கந்தோரின் வாசலில் ஐந்து படிகள். நெல்லு மூட்டை மாதிரித் தூக்கித்தான் ஏற்றுவார்கள். சாய்தளம் கட்டித் தாருங்கோ என்று எத்தனையோ கடிதம் போட்டார்கள். பழைய அதிகாரி எழுதிய பதில் என்ன தெரியுமோ? "இக்கந்தோருக்குச் சக்கர நாற்காலியில் எவரும் வருவதில்லை."

பிறகு ஒரு புது அதிகாரி வந்தார். வியாழக்கிழமை கந்தோர் மூட முன்னம் அரை மணித்தியாலம் அக்காவோடும் எங்களோடும் கணினியில் கதைக்கச் சம்மதித்தார். அடுத்த கிழமை அவர் கட்டடச் செலவுப் பட்டியலை அனுப்பிவிடுவார். அதில் சாய்தளம் ஏறாவிட்டால் இன்னும் ஒரு வருசம் நெல்லு மூட்டைதான்.

"பத்துப் பேர் எழுதினா அது கடதாசி. நூறு பேர் பாத்துக்கொண்டிருந்தா அது பயம்" என்றார் மாமா. அந்த வியாழக்கிழமை நோர்வேயில் இயேசு விண்ணேறிய நாள் விடுமுறை. மண்டபம் எடுத்து ஆட்களைக் கூட்டினோம். பன்னிரண்டு மணிக்கு, அதாவது ஊர் நேரம் பின்னேரம் மூன்றரைக்கு, அதிகாரியைத் திரையில் எடுக்க வேண்டியது என் பொறுப்பு.

பதினொரு மணிக் கூட்டம் பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் அல்லவா? மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை. பன்னிரண்டு அடிக்கும்போது கூட்டத் தலைவர் மாமாவுக்குப் போர்த்தப் பொன்னாடையை விரிக்கிறார்.

"தலைவர், நேரம் போகுது! அவரை எடுங்கோ!" என்று மாமா கீழேயிருந்து கத்தினார்.

"பொன்னாடை போர்த்தாமல் அடுத்த நிகழ்ச்சிக்குப் போகேலாது அண்ணை. அது வழமை. நீங்கள் மேடைக்கு வாங்கோ."

மேடைக்கு மூன்று படி. சாய்தளம் கேட்கக் கூட்டிய கூட்டத்தில் மேடைக்குச் சாய்தளம் இல்லை! இதை ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

நாலு தடியன்கள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்கள்.

"விடுங்கோடா! நான் என்ன சுவாமியே, காவிக்கொண்டு திரிய?"

அவர்கள் விடவில்லை. தேர்வடம் பிடித்துப் பழகிய கைகள். நாற்காலி ஒரு பக்கம் சரிந்து எழும்பியது. பின்வரிசையில் ஒரு முதியவர் பழக்கதோசத்தில் "அரோகரா!" என்றார். உடனே மண்டபம் முழுக்க "அரோகரா!" மன்னார் அந்தோனி அண்ணை தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குத் தலைவரைவிட மணிக்கூட்டுக்குப் பயம். பொத்தானை அமத்திவிட்டேன்.

திரையில் அதிகாரி வந்தார். அவர் கண்ட முதற் காட்சி: அந்தரத்தில் மாமா, தலைக்கு மேல் பொன்னாடை, அரோகரா.

"உங்கை என்ன திருவிழாவோ?" என்றார்.

திரையின் மற்றப் பெட்டிக்குள்ளிருந்து, தன் போனில் சேர்ந்திருந்த சிவமலர் அக்காவின் குரல் வந்தது. "இல்லை சேர். எங்களை உங்கடை கந்தோருக்கு ஏத்திறதும் உப்பிடித்தான். அரோகரா மட்டும் இல்லை."

அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டினார். "நீங்கள் இப்ப எங்கை இருக்கிறியள்?"

"உங்கடை படிக்குக் கீழை சேர். ரண்டு மணியிலை இருந்து."

அதிகாரியின் கதிரை வெறுமையானது. சரி, கோபித்துக்கொண்டு போய்விட்டார், எல்லாம் என்னால்தான் கெட்டது என்று நினைத்தேன். அப்போது அக்காவின் பெட்டிக்குள் இரண்டு சப்பாத்துகள் படியிறங்கி வந்தன. பிறகு முழு அதிகாரியும் வந்தார், கையில் ஓர் அடிமட்டத்தோடு.

தடியன்கள் களைத்துப்போய் மாமாவைக் கீழே இறக்கப் பார்த்தார்கள்.

"இறக்காதேங்கோடா! இஞ்சையிருந்து நல்லாத் தெரியுது! சேர், ஒரு படி எவ்வளவு?"

"பதினேழு."

"ஐஞ்சு படி எண்பத்தைஞ்சு. ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பன்னிரண்டு நீளம் வேணும், பெருக்கினாப் பத்து மீற்றர் இருபது! நடுவிலை இளைப்பாற ஒரு தட்டும் வேணும். எழுதுங்கோ சேர்!"

கடதாசி இல்லாமல் அதிகாரி தன் உள்ளங்கையில் எழுதினார். தலைவர் அந்த இடைவெளிக்குள் பொன்னாடையைப் போர்த்தியே விட்டார்.

மழை, சீமெந்து, கையெழுத்து என்று ஏழு மாதம் போனது. ஒரு காலையில் மாமா எங்கள் வீட்டில் இருந்தபோது திறப்புவிழாக் காணொளி என் போனுக்கு வந்தது. பார்த்தால், சாய்தளத்தின் நட்டநடுவில் மேசை போட்டு நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருக்கிறார்கள்! மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் சிவமலர் அக்கா வந்தா. "தம்பியவை, அதை அங்காலை வையுங்கோ" என்றா. வைத்தார்கள். வேறொருவர் கையும் படாமல் தானே உருட்டிக்கொண்டு ஏறி உள்ளே போனா. அன்றைக்குக் கையெழுத்துப் போட ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்தா. கீழே வந்து கொஞ்சம் யோசித்தா. மறுபடியும் ஏறிப் போனா. இப்படி மூன்று தரம், ஒரு அலுவலும் இல்லாமல்.

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போனும் வேண்டும். கேட்க வந்தவன், பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு நானும் இருந்துவிட்டேன். வெளியில் என் பஸ் போகிற சத்தம் கேட்டது.

போகட்டும். இன்னொன்று வரும்.